பாலம் தாண்டி

— இத்தன நாளா அடுப்படியில ஒக்காந்துக்கிட்டே 'பாலம் தாண்டி நிக்கிறோம் டாக்டர்'னு வாய் கூசாம சொல்லுவ. இன்னிக்கு என்ன ஓப்பல், நெசமாவே ஆத்தத் தாண்டி இழுத்துக்கிட்டு வந்திருக்க?

— சாஞ்சு படு வெர்லின். பேசுனா மூச்சு வாங்குது ஒனக்கு.

— வாங்காம? நீ ஓட்டுன லட்சணத்துக்கு நல்லா இருக்கறவனுக்கே வாங்கும்.

— பக்கத்து வீட்டு ட்ரூடியப் பாத்த டாக்டர் மேல கேசு போட்டுட்டாங்களாம். அவ நம்ம மேற்கு வெர்ஜீனியாவுல இருந்துக்கிட்டு அவர்கிட்ட போன்ல பேசியிருக்கா. நம்ம டாக்டர் மாதிரியே அவருக்கும் ஒஹையோ லைசென்ஸ் மட்டுந்தான். நோயாளி எந்த மாநிலத்துல இருக்காளோ, அந்த மாநிலத்து லைசென்ஸ் வேணுமாம்.

— அந்தச் சட்டத்த எழுதுனவனுக்கு நெஞ்சு வலியே வராது போல.

— கேலி பண்ணாத. நம்ம பக்கத்துல இதய டாக்டரக் கேட்டா அடுத்த வருசம் வான்னாங்க. ஒன்ன உசுரோட வச்சிருக்கறது இந்த மனுசன் ஒருத்தர்தான். நம்ம பொய்யால அவர் பொழப்பு போகக் கூடாது. இரு, அவருதான் கூப்பிடறாரு.

— ஓப்பல், டாக்டர் க்ரைடர் பேசறேன். சட்டப்படி கேக்க வேண்டியத மொதல்ல கேட்டுடறேன். இப்ப எங்க இருக்கீங்க?

— பாலம் தாண்டி ஒஹையோ பக்கம், பெட்ரோல் பங்க் ஓரமா நிக்கிறோம் டாக்டர்.

— சரி. வழக்கம்போல எழுதிக்கிட்டேன்.

— வீடியோவுல முகம் காட்டணுமா?

— வேணாம். மொதல் தடவ முகம் பாத்து என் நோயாளியா சேத்தாச்சு. அதுக்கப்புறம் குரல் போதும்னு சட்டமே சொல்லுது. வெர்லின் எப்படி இருக்காரு?

— பொண்டாட்டி ஓட்டுன வண்டியில வந்தும் உசுரோட இருக்கேன் டாக்டர்.

— அட, நல்லாவே சொல்றீங்க. கால் வீக்கம் வத்துச்சா?

— கால விடுங்க. காலையிலேர்ந்து இடது கை கனக்குது. இப்ப தாடை வரைக்கும்... ஓப்பல், ஜன்னலத் திற.

— டாக்டர், இவருக்கு வேர்த்துக் கொட்டுது. உதடு நீலமாயிடுச்சு.

— ஆஸ்பிரின் இருந்தா கடிச்சு முழுங்கச் சொல்லுங்க. இன்னொரு போன்ல நானே ஆம்புலன்சக் கூப்பிடறேன். லைன்லயே இருங்க. இருக்கற எடத்த விட்டு அசையாதீங்க.

— எடம் எதுன்னா டாக்டர், பங்க்குக்கு எடதுபக்கம்...

— சொல்ல வேணாம் ஓப்பல். எடம் எனக்குத் தெரியும்.

— கடி வெர்லின். நல்லாக் கடி. என் கையப் புடிச்சுக்கோ.

— நாய்க்குத் தீனி வைக்காம வந்துட்டோம் ஓப்பல்.

— ரெண்டு பேரும் சேந்து போய் வைப்போம். கண்ண மூடாத. ஒன்னத்தான் சொல்றேன், என்னப் பாரு.

— பாத்துக்கிட்டுத்தான...

— வெர்லின்? வெர்லின்! டாக்டர், இவர் பேச மாட்டேங்கறாரு. ரோட்டுல ஒரு வண்டியையும் காணோம். எனக்கு பயமா இருக்கு.

— வந்தே சேந்துட்டாங்க ஓப்பல், பயப்படாதீங்க. நீங்க ஒரு தடவகூட பாலம் தாண்டலன்னு எனக்குத் தெரியும். எப்பப் பேசுனாலும் பின்னால உங்க சேவல் கூவும். நானும் காதுல விழாத மாதிரி எழுதிக்குவேன். அதெல்லாம் இப்ப விடுங்க. ஆம்புலன்ஸ் ஆளுங்க உங்க வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கிறாங்க. போய்த் திறந்து விடுங்க.