கயலின் மூன்றாவது ஆடிஷன்

– அதுக்குள்ளயா முடிஞ்சுது?

– எல்லாருக்கும் அவ்வளவுதாம்ப்பா. வண்டியை எடுங்க.

– இரு கண்ணு, பெல்ட் போட்டுக்கறேன். ரிச்சர்ட்சன் வீட்டுல இருந்து விடியக்காலம் கெளம்பி வந்தோம். நீ உள்ள போனயேன்னு காபி வாங்கப் போனா, கப்புல ஊத்தறதுக்குள்ள வெளிய வந்து நிக்கற.

– ஒரு பாட்டு, ஒரு வசனம். அதுக்கு மேல கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன்ல?

– அதுவும் முழுப் பாட்டு இல்ல, துண்டுப் பாட்டு. நம்மூர்க் கல்யாண வீட்டுல கூட பாடறவங்கள இப்படித் தொரத்த மாட்டாங்க.

– அப்பா...

– சரி, சரி. இதைக் கேளு. அந்த வராண்டால ஒரு பையன் தரையில படுத்துட்டு, குதிரையாட்ட உதட்டைப் பர்ர்ருங்கறான். எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. வலிப்புன்னு நெனச்சு, கார் சாவியை எடுத்துட்டு ஓடறேன்...

– ஐயோ! கையில குடுத்துட்டீங்களா?

– குடுக்கத்தான் போனேன். அவங்கம்மா சிரிச்சுட்டு, பாடறதுக்கு வாயைப் பழக்கறான்னு சொல்லுச்சு.

– ம்ம்.

– என்ன, சிரிக்க மாட்டேங்கற? இதுக்கு நீ வயித்தைப் புடிச்சுட்டு உருண்டிருக்கோணும்.

– தூக்கமா இருக்குப்பா.

– அம்மா தயிர்சாதம் கட்டியிருக்கா. தொண்டை கட்டிக்கும்னு காலையில தொடல. இப்ப சாப்புடலாம்ல? பின்னாடி சீட்ல இருக்குது பாரு.

– பசிக்கல. அப்பா, இன்னைக்கு லீவு போட்டீங்களா?

– பின்ன? போட்டுட்டுத்தான்.

– மேனேஜர் ஒண்ணும் சொல்லலயா?

– அவரு என்ன சொல்றாரு... பொண்ணு நல்லாப் பண்ணட்டும்னாரு.

– உங்க ஆபீஸ் செல்வராஜ் அங்கிளை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாமே?

– அது... அவரு டிபார்ட்மெண்ட் வேற. டெலிகாம்ல இப்ப எல்லா இடத்துலயும் அப்படித்தான் இருக்குது. நம்மளுக்கு ஒண்ணுமில்ல. உனக்கெதுக்கு அதெல்லாம்?

– சும்மா கேட்டேன்.

– வசனம் எப்படி வந்துது? அந்த ஸ்டேஷன்ல நிக்கற பொண்ணு, கடைசியில செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நடக்குமே?

– நீங்களே மனப்பாடம் பண்ணிட்டீங்க.

– பண்ணாம? கராஜ்ல எத்தனை நாள் நான் ஸ்டேஷன் மாஸ்டரா நின்னிருக்கேன்! என்ற இங்கிலீஷைக் கேட்டு நீ சிரிச்சு, நான் கோவிச்சுட்டு...

– நீங்க ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டீங்க. திரும்பவும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பீங்க.

– மொதல்ல கத்தினவன்தான கண்ணு நான்? டிராமாப் படிக்கறதுக்கா அமெரிக்கா வந்தோம்னு உன்ற அம்மாகிட்ட ஆடித் தீத்துட்டேன். அப்புறம் உன்ற ஸ்கூல் நாடகத்துக்கு வந்தேன் பாரு... நீ பாட ஆரம்பிச்சதும் கேமராவைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தேன். ஒரு போட்டோ எடுக்கல. பக்கத்துல ராஜலக்ஷ்மி ஆன்டி தட்டி, படம் எடுங்கங்கறாங்க. எனக்குக் கண்ணே தெரியல.

– போதும்ப்பா.

– ஏன் போதும்? சந்தோசத்தைச் சொல்றேன். மத்த ரெண்டு காலேஜுக்காரனும் வேண்டாம்னுட்டான். போகட்டும். இந்த ஒண்ணு போதும். இவங்களுக்குப் புடிச்சுப்போனா ஃபீஸு, ஹாஸ்டலு, எல்லாம் அவங்களே பாத்துக்கறாங்க. வேற எவன் தருவான்?

– நல்லாப் போகலப்பா.

– நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ. ஸ்கூல்லயும் அப்படித்தான் சொன்ன.

– இல்ல. இது நெஜமாவே போச்சு. இவங்க எடுக்க மாட்டாங்க.

– எதுனால? தொண்டை கட்டிருச்சா?

– பியானோ வாசிக்கறவர்... வேகமா வாசிச்சுட்டாரு. என்னால புடிக்க முடியல.

– வேகமாவா? கூட வாசிக்கறவன் பாடறவங்க பின்னாடிதான வரோணும்? மெதுவாங்கன்னு சொல்றதுதான?

– அங்க அப்படியெல்லாம் சொல்ல முடியாது.

– ஏன் முடியாது? எவனோ அவசரமா வாசிச்சதுக்கு எம்பொண்ணு பலியா? எனக்குப் பத்திட்டு வருது கயல். அடுத்த எக்ஸிட் என்ன?

– எதுக்கு?

– திரும்பிப் போறோம். நான் பேசறேன்.

– அப்பா! அங்க போயி என்ன பேசுவீங்க?

– இன்னொருக்கா பாடவிடுங்கன்னு கேப்பேன். எட்டூர் தாண்டி வந்திருக்கோம், ஒரு அஞ்சு நிமிசம் தர மாட்டாங்களா? கையெடுத்துக் கும்புடறேன், கால்ல விழுகச் சொன்னாலும்...

– வேண்டாம்ப்பா. எக்ஸிட் எடுக்காதீங்க.

– எடுத்தாச்சு. நீ சும்மா உக்காரு.

– அவர் வேகமா வாசிக்கல!

– என்ன?

– பொய் சொன்னேன். அவர் ஒழுங்காத்தான் வாசிச்சாரு. அங்க நிறுத்துங்க. அந்தப் பெட்ரோல் பங்க் ஓரமா. சொல்றேன்.

– ...நிறுத்திட்டேன். சொல்லு.

– நான் பாடவே இல்லப்பா.

– பயந்துட்டயா? பயந்தா என்ன, அதையே சொல்லிக் கேக்கலாம்...

– பயமில்ல. அவர் வாசிக்க ஆரம்பிச்சாரு. நான் சும்மா நின்னேன். மறுபடியும் ஆரம்பிச்சாரு. அப்பவும் நின்னேன். நடுவுல உக்காந்திருந்த லேடி தண்ணி வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம், எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம், என் பேரை எடுத்துருங்கன்னேன்.

– நீ... நீயா சொன்ன?

– ரொம்ப நல்லாத்தான் பேசினாங்க. கொஞ்சம் வெளிய உக்காந்துட்டு வான்னாங்க. யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்னேன். சரின்னு அடுத்த பையனைக் கூப்பிட்டுட்டாங்க.

– கயல்... அஞ்சாங் கிளாஸ்ல இருந்து இதே பேச்சு. பாத்ரூம்ல பாட்டு, கார்ல பாட்டு. சோறு தண்ணியில்லாம கெடந்து பழகின. உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எதுக்குடி?

– கத்தாதீங்க.

– கத்தாம? கொஞ்சச் சொல்றயா? கையில வந்ததை எட்டி ஒதச்சுட்டு வந்து தூக்கமா இருக்குதுங்கற...

– உங்களுக்கு வேலை போயிருச்சு. எனக்குத் தெரியும்ப்பா.

– யாரு சொன்னது?

– யாரும் சொல்லல. ஸ்கூல்ல இருந்து உங்க டெஸ்க்குக்கு போன் பண்ணேன். வேற யாரோ எடுத்து, சேனாபதி இப்ப இங்க இல்ல, போய் ரெண்டு வாரம் ஆச்சுன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் நீங்க பேட்ஜோட வீட்டுக்கு வந்து, இன்னைக்கு ஒரே மீட்டிங்குனு சொன்னீங்க.

– அது... உன்ற மனசு கலங்கக் கூடாதுன்னுதான்...

– ஸ்கூல் விட்டு வெண்பா கார்ல வர்றப்ப ஒரு தடவை உங்களை லைப்ரரியில பாத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்துல உக்காந்து தூங்கிட்டு இருந்தீங்க. டையெல்லாம் கட்டிட்டு. எனக்கு இறங்கி வந்து எழுப்பணும் போல இருந்துச்சு. வெண்பாகிட்ட அது எங்கப்பா இல்லைன்னு சொல்லிட்டேன்.

– இத்தனை நாளும் ஒரு வார்த்தை கேக்கலயே சாமி.

– நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஆபீஸ் எப்படி இருக்குன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தேன். நீங்க சொல்லவே இல்ல. நேத்து கராஜ்ல என்னமோ ஒண்ணு போர்வை போட்டு மூடியிருந்துச்சு. தூக்கிப் பாத்தா ஊருக்குப் போற பெட்டி. மேல உங்க பேரு, அம்மா பேரு, பொள்ளாச்சி அட்ரஸு எல்லாம் எழுதி ஒட்டியாச்சு.

– அதையும் பாத்துட்டயா?

– வேலை போனா விசா போச்சு. உங்க விசாவுல ஒட்டிட்டு இருக்கறதுதான என்னுது? அப்ப எல்லாரும் கெளம்பித்தான ஆகணும்? இவங்க என்னை எடுத்துட்டாங்கன்னா, நீங்க என்கிட்ட வந்து, போக முடியாது கண்ணுன்னு சொல்லணும். சொல்லிட்டு என் மூஞ்சியைப் பாத்துட்டு நிப்பீங்க. அதை என்னால பாக்க முடியாதுப்பா. அதான் நானே வேண்டாம்னுட்டேன். நானே வேண்டாம்னுட்டா யாரு மேலயும் குத்தமில்லைல்ல?

– கண்ணு...

– அழுகாதீங்கப்பா, ப்ளீஸ். அந்த ஆளு நம்மளையே பாக்கறாரு. நான் பொள்ளாச்சில ஏதாவது காலேஜ்ல சேந்துக்கறேன். பி.காம், எதுவோ. நெஜமாவே எனக்கு ஒண்ணுமில்ல. திட்டவாவது செய்யுங்க...

– உன்னைய எதுக்குத் திட்டறது? எம்மேல தப்பு. பெட்டிமேல ரெண்டு பேர்த்து பேருதான கண்ணு எழுதியிருக்குது? வக்கீல்கிட்டக் கேட்டு வெச்சிருந்தேன், இந்தக் காலேஜ்ல எடம் கெடச்சா உனக்குத் தனியா ஸ்டூடன்ட் விசா ஆகியிருக்கும், என்னுது எதுக்கு உனக்கு? ஸ்கூல் முடியற வரைக்கும் உன்னைய வெச்சுக்கறேன்னு வெண்பாவோட அப்பா வாஞ்சிநாதன் கையில அடிச்சுக் குடுத்தாரு. அப்பனும் அம்மாவும் உட்டுட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சா உனக்குப் பாட வராது, பாடி முடிச்சு வரட்டும், திரும்பற வழியில சொல்லுங்கன்னா உன்ற அம்மா. அதைச் சொல்றதுக்குத்தான் காலையில இருந்து வாயைத் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்தேன்... உனக்கு நான் டிக்கெட்டே போடல சாமி.