இருநூற்று எண்பதாவது மரம்

"ஹலோ... ஹலோ, கிருஷாந்த் சாருங்களா? ... நான் தர்மிளா பேசுறேன் சார். ... என்ன சார், அதுக்குள்ள மறந்துட்டீங்க? எஹலியகொட கிளாஸ்ல கடைசி வாங்குல உக்காந்திருந்தேனே... ஆ, அதே ரப்பர் தோட்டத்துப் புள்ளதான்."

தர்மிளா போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையில், நேற்றே கடைக்கு வந்துவிட்ட புத்தகம். 'தத்துவம் படிக்க 280 ஆங்கிலச் சொற்கள்'. அட்டையில் கிருஷாந்த் சார் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு டவுன் மண்டபத்தில் வெளியீடு.

"வாழ்த்துச் சொல்லத்தான் எடுத்தேன். ... ஹரி, ஹரி, சரிங்க சார், பிஸின்னு தெரியும். ஒரே ஒரு சந்தேகம்... வச்சிராதீங்க சார்! ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலயும் ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே, அது என்ன? ... டிக்ஷனரிப் பக்கமா? ஆமா, ஆமா, முன்னுரையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கீங்க. ... அப்ப 'ஏ'யில தொடங்குற அப்ரியோரிக்கு இருநூத்திப் பதினொண்ணு. 'வீ'யில தொடங்குற வேர்ச்சூவுக்கு ஏழு. பின்னாலருந்து முன்னால போகுதே, எந்த ஊரு டிக்ஷனரி சார் அது?"

இப்படி அவரை மடக்க அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

"நான் சொல்லட்டுங்களா? அது மர நம்பர். ... மரம் சார், மரம்! எங்கம்மா பால் வெட்டுறது இருநூத்தி எண்பது மரம். பால் சேர்க்க வாளியோட பின்னால போறப்ப, மரத்துக்கு ஒரு சொல்லுன்னு பாடமாக்கினேன். அந்த நம்பரத்தான் நோட்டுக் கொப்பியில சொல்லுக்குப் பக்கத்துல போட்டு வச்சேன். ... எந்தக் கொப்பியா? திருத்தித் தர்றேன்னு வாங்கினீங்களே, அது! திருப்பிக் கேட்டப்ப வெள்ளத்துல போயிருச்சுன்னீங்க. நல்லாத்தான் காய்ஞ்சிருக்கு சார். அட்டையெல்லாம் போட்டு வந்திருக்கு. ... கத்தாதீங்க, கத்தாதீங்க. மண்டபத்துல ஆக்கள் இருப்பாங்க."

'எபிஸ்டமாலஜி' என்று சொல்ல அவள் நாக்குத் தடுமாறிய அன்று, "பால் வாளி தூக்க இது எதுக்கு?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தவர் இவர். இப்போது அந்தச் சொல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது அறுபத்திரண்டாவது மரம்.

"அது சரி, தலைமை தாங்குற ஹபீஸா மேடம் வந்துட்டாங்களா? ... டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்களா? யாரு சொன்னா? இங்க நிக்கிறாங்க சார், எங்க தோட்டத்துல. நேத்து நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். கம்பஸ்ல முப்பது வருஷம் தத்துவம் படிப்பிச்சவங்க, உங்க புத்தகத்தக் கையில வச்சிக்கிட்டு மரம் மரமாப் பார்த்துக்கிட்டு மேட்டுல ஏறுறாங்க. ... ஆதாரமா? ஒவ்வொரு மரத்திலயும் நம்பரையும் சொல்லையும் வெள்ளைப் பெயிண்டுல எழுதியிருக்கேன். கங்காணி ஏசின ஏச்சு இன்னும் காதுல இருக்கு. ... நேத்து எழுதினதா? பெயிண்டுக்கு மேல பாசி ஏறிப்போயிருக்கு சார். மேடம் நகத்தால சுரண்டித்தான் வாசிக்கிறாங்க."

மேலே சரிவில், அட்டைக்கடி பயத்தில் சேலையைத் தூக்கிச் செருகியபடி, மேடம் அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அம்மா பால் வடியும் சிரட்டையை ஒதுக்கி வழிவிட்டாள்.

"... இப்ப என்ன 'தங்கச்சி'? அன்னைக்குப் பால் வாளி, இன்னைக்குத் தங்கச்சியா? ... அடுத்த பதிப்புல நன்றின்னு போடுவீங்களா? வேணாம். அட்டையில போடுங்க. என் பேர மட்டும். ... முடியாதா? அனே, பாவம்! ... அழாதீங்க சார். அன்னைக்கு கிளாஸ்ல நான் அழுதப்ப நீங்க வருகைப் பதிவுக்குப் பேருதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

மேடம் கையை உயர்த்திக் காட்டினார். கடைசி மரம்.

"இருநூத்தி எண்பதுக்கு வந்துட்டாங்க. உங்க புத்தகத்துல 'ஆர்'ல தேடுங்க. ... கிடைச்சுதா? ரெட்ரிபியூட்டிவ் ஜஸ்டிஸ். அர்த்தத்த வாசிங்க. ... சத்தமா சார், கிளாஸ்ல வாசிப்பீங்களே, அப்படி. ... ஆமா. 'தீங்கு செய்தவனுக்கு'... ஆமா, ஆமா... 'அவன் செய்த அளவுக்கே'... அப்புறம்? ... ஹலோ? ... ஹலோ?"

போன் கட்டாகிவிட்டது. தர்மிளா புத்தகத்தை மூடினாள்.

"வாங்க மேடம், மண்டபத்துக்குப் போவோம். மிச்சத்த நான் மைக்குல வாசிக்கிறேன்."