எம்.எல்.ஏ. உட்காரும் நாற்காலி யாருடையது?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து. "நம்ம எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கு வந்தா மொதல்ல நாற்காலியத் திருப்பிப் பாக்கறாருய்யா" என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"முதுகுல எந்தக் கடை பேரு எழுதியிருக்குன்னு பாக்கத்தான். பந்தல் கடை வச்சி மேல வந்தவராச்சே. வேற கடை பேரு இருந்தா உக்காராமலே அட்சதை போட்டுட்டுப் போயிடுவாரு."

"அப்ப உன் பொண்ணு கல்யாணத்துக்கு அவரு கடையிலயே எடுத்துடேன்."

"என் மச்சானும் பந்தல் கடைதானே வச்சிக்கினு இருக்கான்? அவன விட்டுட்டா, தாய்மாமன் இல்லாமதான் பொண்ணு மணையில உக்காரணும். எம்.எல்.ஏ. நின்னுக்கினே போனா சம்பந்திங்க முன்னாடி மானம் போவும். ஒரே பேஜாரு."

"எல்லாருக்கும் கோரைப்பாய் விரிச்சிடு. எம்.எல்.ஏ. தரையில உக்காந்தாருன்னு போட்டோ வரும். அவருக்கும் குஷி."

"நீ வேற! அடுத்த முகூர்த்தத்துக்கே அவரு பாயை வாடகைக்கு விட்டுடுவாரு."

சொன்னவர் சற்று யோசித்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"மச்சான், கல்யாணத்துக்கு நாற்காலி வேணாம், கோரைப்பாய் வாங்கிப் போடு. அப்புறம் அதையே வாடகைக்கு விடு. ஜல்தி பண்ணு, அவரு முந்திக்கப் போறாரு."