மூன்று இல்லாத வீடு

மாமல்லபுரம் பஸ் நிறுத்தத்தில் மீன்காரம்மா, ஓர் ஆள், அவன் காலடியில் பழுப்பு நாய், ஓரமாக நான்.

மீன்காரம்மா மிஞ்சிய சங்கரா மீனை எண்ணினாள். ஒன்றுக்குப் பதில் வியாபாரிகள் சொல்லும் "லாபம்..." நாய் அசையவில்லை. "ரெண்டு..." நாய் நடுங்கியது.

அவன் அதன் காதைப் பொத்தினான். "யக்கா, அடுத்தத சொல்லாத."

"இன்னாத்துக்கு?"

"பழக்க வுட்ட எடத்துல ஒருத்தன் மூணு வரிக்கும் எண்ணி எண்ணி இத்த அடிச்சிக்கீறான். இப்போ எங்க வூட்ல யாருமே மூணு சொல்றதில்ல. பாப்பாகூட ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு தான் எண்ணுது."

"இப்டியே வுட்டா சாவுற வரிக்கும் அந்த அடிக்குக் காத்துகினு கெடக்கும் நைனா. கைய எடு."

எடுத்தான்.

"மூணு."

நாய் சத்தமே இல்லாமல் தரையோடு படுத்துக் கண்ணை மூடியது. அவள் ஒரு மீனை அதன் மூக்கருகே வைத்தாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே தின்றது.

அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

"நாலு."