கழுவெளி மாப்பிள்ளை

நாற்பதுகளில் ஒரு காலை, மயிலாப்பூர் டிராமில் எனக்கு முன்னால் கோரைப்பாய் விற்கும் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் தன் மகனுக்கு இளையவளின் மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உம் புள்ளைக்கு நெலம் கீதா யக்கா?”

“நெலம் இல்ல. கழுவெளி கீது.”

பெருங்குடிப் பக்கத்துச் சதுப்பை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்.

“சேத்த நம்பியா எம் பொண்ணக் குடுப்பேன்?”

“மழைக்கு மீனு, தையில கோரை, கோடையில மாட்டுக்குப் புல்லு. வேற இன்னா வோணும்? நீ குடுக்காட்டியும் அவ வந்துடுவா. போன வாரம் எம் புள்ளையோட முட்டிக்கால் சேத்துல நின்னுகினு கோரை அறுத்தாளே.”

“பாவாடையெல்லாம் சேறு. எருமை தள்ளிடுச்சின்னு இல்ல சொன்னா.”

“அந்த எருமைதான் எம் புள்ள.”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“சரி, எருமைய வெள்ளிக்கிழமை தட்டோட வரச் சொல்லு.”

நானும் குனிந்து சிரித்துக்கொண்டேன். நான் நிலவரி அலுவலகக் குமாஸ்தா. முந்தின நாள்தான் பதிவேட்டில் அந்தக் கழுவெளிக்கு நேரே ‘உபயோகமற்றது’ என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்த அன்று முழுவதும் நேரம் இருந்தது. நான் திருத்தவில்லை.