அவருக்காக வாங்கிய கார்

"காரு அவருக்காக வாங்குனது. ஆனா ஓட்டுறது நானு" என்று முன்னிருக்கையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னதும், படித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்துவிட்டேன். அவனியாபுரத்திலிருந்து டவுனுக்குப் போகும் காலைப் பேருந்து. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"அவரு ஓட்ட மாட்டாராக்கா?" என்றாள் இளையவள்.

"ஸ்டியரிங்கப் பிடிச்சாலே அவருக்குக் கை நடுங்குது. பழைய வண்டிதானே, இடிச்சாலும் பரவாயில்லன்னு தெப்பக்குளத்தச் சுத்தி ரெண்டு பேரும் பழகுனோம். எனக்குத்தான் வந்துச்சு."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"மாமியார்தான், பொம்பள ஓட்டுற வண்டியில கால் வைக்க மாட்டேன்னுட்டாங்க. போன மாசம் அவங்களுக்குத் திடீர்னு மூச்சுத் திணறிருச்சு. அவரு ஆபீஸ்ல. நானே தூக்கிப் பின்சீட்டுல படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். அம்புட்டு வேகமா நான் ஓட்டுனதே இல்ல. நேரத்துக்குக் கொண்டாந்துட்டீகன்னு டாக்டர் சொன்ன பெறகுதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காங்க. வண்டி இன்னிக்கு பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு, கலரு அவங்க சொன்னதுதான்."

"அப்ப கார்ல ஏறுறாகளா?"

மூத்த டீச்சர் சிரித்தார்.

"சாயந்தரமானா நான் ஸ்கூல் விட்டுப் போய் வண்டிய நிறுத்துறதுக்குள்ள, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு வந்து முன்சீட்டுல ஏறி உக்காந்துர்றாங்க. எங்க போகணும் அத்தைன்னு கேட்டா, 'எங்கயாச்சும் போத்தா'ங்குறாங்க."