முகம் மூடாத வேடம்

கொலோன் ட்ராமில் எனக்கு முன்னால் இருந்தவர், பக்கத்துப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"காட்டிக்குடுக்கிறவனா நடிக்க என்னால ஏலாது, தங்கச்சி."

"நாங்கள் போடுறது அயர்லாந்துக்காரற்ற புரட்சிக் கதை அண்ணை. தொடரா மூண்டு நாடகம், மூண்டிலயும் அந்தக் காட்டிக்குடுக்கிறவன் வாறான். உங்களை விட்டா வேற ஆளில்லை."

"பாக்க வாறது எங்கட சனமெல்லோ. பிறகு கோயிலில என்னை ஒரு மாதிரிப் பாக்குங்கள்."

நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. இறங்க மனமில்லை.

"அப்ப தலையில சாக்கைப் போட்டு முகத்தை மூடட்டோ? ஆரெண்டு தெரியாது."

"ஐயோ, வேண்டாம்! ஊரில ஆமி எல்லாரையும் வரிசையில நிக்கவிட, சாக்குப் போட்ட ஒருத்தன் தலையாட்டினபடியாலதான் எங்கட அப்பாவைக் கொண்டுபோனது. அம்மா முன்வரிசையில இருப்பா."

"அப்ப முகத்தை மூடாமலே நடிக்கிறியளோ, அண்ணை?"

சரியென்று தலையாட்டப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.